உக்ரைன் சீஃப் இன்ஜினியரோடு கப்பலில் இருந்தவன் சொல்வது

கப்பலில் வேலை பார்ப்பவனுக்கு உக்ரைன் 2022இல் தெரிய வந்த நாடு கிடையாது. நான் அங்கே போனதில்லை. ஆனால் ஒடேசா, கெர்சோன், மிக்கோலாயிவ் என்ற பெயர்கள் எனக்குப் போர்ச் செய்தியாக வரவில்லை, பக்கத்து கேபின்காரர்களின் சொந்த ஊர்களாகத்தான் முதலில் வந்தன. எஞ்சின் அதிகாரிகளில் கீழ்ப்படியான ஃபோர்த் இன்ஜினியராக இருந்த காலம் தொட்டு சீஃப் ஆகும் வரை பாதிக்கு மேற்பட்ட கப்பல்களில் எனக்கு மேலே ஒரு உக்ரைன்காரர் இருந்திருக்கிறார். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். கூடவே கப்பல் ஓட்டும் பக்கத்து இளநிலை அதிகாரியான ஒரு தேர்ட் ஆபீசரும் வருவான். இருவர் பெயரும் வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. உலக வணிகக் கப்பல்களின் ஆட்கள் பற்றி பிம்கோ என்ற கப்பல் துறை அமைப்பும் சர்வதேசக் கப்பல் சபையும் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், உக்ரைன்காரர்கள் 76,442 பேர் என்று இருக்கிறது. அதில் அதிகாரிகள் மட்டும் 47,058. எஞ்சின் ரூம் ஆயிலர், ஏ.பி. எனும் டெக் மாலுமி, சமையல்காரர் எல்லாம் சேர்ந்த கீழ்நிலை ஆட்களைவிட அதிகாரிகள் அதிகம். உலக மொத்தக் கணக்கில் இது தலைகீழ். உக்ரைனில் கப்பலுக்குப் போவது என்றாலே அதிகாரியாகப் போவதுதான். டெக்கில் பெயின்ட் அடிக்கப் போவதாக அங்கே யாரும் கனவு காண்பதில்லை.

அதற்குக் காரணம் அங்கே உள்ள படிப்பு. ஒடேசா கடல்சார் அகாடமி 1944இல் தொடங்கியது. கெர்சோனின் கடல் பள்ளிக்கு 1834 வரை போகிற வரலாறு உண்டு. எஞ்சின், நேவிகேஷன், எலக்ட்ரிக்கல் என்று தனித்தனிப் பிரிவுகளில் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். கப்பல்காரர்களின் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச விதிப்படி சர்ட்டிஃபிகேட்டுக்கு முன்னால் கடலில் கழிக்க வேண்டிய பயிற்சிக் காலத்தைக் கேடட்டாகக் கழிக்கிறார்கள். அப்புறம் ஒடேசாவில் தெருவுக்குத் தெரு இருக்கும், கப்பலுக்கு ஆள் அனுப்பும் க்ரூயிங் ஏஜென்சிகளின் படியேறுகிறார்கள். சென்னையிலும் மும்பையிலும் நம் பையன்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கேடட்டுக்கு இடம் கிடைப்பதுதான் அங்கேயும் பெரும்பாடு.

நான் சொன்ன அந்த ஒருவர், என் சீஃப் இன்ஜினியர், ஒடேசாக்காரர். எண்பதுகளின் நடுவில் படிப்பை முடித்துக் கருங்கடல் கப்பல் கம்பெனியில் சேர்ந்தவர். சோவியத் காலத்தில் அது உலகத்தின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. பம்பாய் அவருக்குத் தெரியும், மெட்ராஸ் துறைமுகமும் தெரியும். 1956இல் தொடங்கிய இந்திய-சோவியத் கப்பல் சேவையின் காரணமாக ஒடேசாக் கப்பல்கள் நம் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோயின. அந்தக் காலத்தில் ஒடேசாவில் கப்பல்காரன் என்றால் ராஜா. சம்பளத்தில் ஒரு பகுதி அந்நியச் செலாவணிக்கு ஈடான சீட்டாகக் கிடைக்கும். அதைக் கொண்டு ‘அல்பட்ரோஸ்’ என்ற தனிக் கடையில் மற்றவர்களுக்குக் கிடைக்காத சாமான் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து ஜீன்ஸும் குடையும் கொண்டுபோய் விற்றால் சம்பளத்தை மிஞ்சிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார். நம்மூர்ப் பழைய கப்பல்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த கதைதான்.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது அந்தக் கம்பெனியிடம் 200க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. பத்து வருடத்துக்குள் எல்லாம் போயிற்று. சில கைமாறின, சில கடனுக்காக வெளிநாட்டுத் துறைமுகங்களில் பிடித்து வைக்கப்பட்டன, சில உடைக்கப் போயின. சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தவர்கள் ஏராளம். உள்நாட்டிலும் 1993இல் மட்டும் விலைவாசி சுமார் 100 மடங்கு ஏறியது. சேமிப்பு வங்கியில் கிடந்தபடியே காணாமல் போனது என்பார் சீஃப். அவர் அப்போது செகண்ட் இன்ஜினியர். வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் ஏற ஆங்கிலம் வேண்டும், அது அவருக்கு அரைகுறை. அதனால் முப்பது வயதுக்கு மேல் மறுபடி ஃபோர்த் இன்ஜினியராக ஏறியிருக்கிறார். தன்னைவிடச் சின்னவன் தேர்டாக இருக்க, அவனுக்குக் கீழே எண்ணெய் சுத்திகரிக்கும் ப்யூரிஃபையரைக் கழுவினாராம். இதை வருத்தமாகச் சொல்ல மாட்டார், ரிப்பேர் வேலையை விவரிக்கிற மாதிரி சொல்வார்.

அந்தத் தலைமுறை உக்ரைன் அதிகாரிகளிடம் நான் பார்த்த பொதுக்குணம் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். கெட்டது என்று திட்டவும் மாட்டார்கள். நாளைக்கு இந்தக் கம்பெனி இருக்காது என்று வைத்துக்கொண்டே இன்றைய வேலையைச் செய்வார்கள். வேலையை ஒப்பேற்றுவார்கள் என்று நினைக்க வேண்டாம், அதில் கறாராகத்தான் இருப்பார்கள். ஆனால் பேப்பர், சம்பளம், உடம்பு மூன்றையும் கம்பெனியின் பொறுப்பில் விட மாட்டார்கள். நம் ஆட்களிடம் இது குறைவு. “நம்ம கம்பெனி” என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சீஃப் தொண்ணூறுகளில் ஏறிய ஒரு சின்ன முதலாளியின் கப்பலில், முதலாளி ஒருநாள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். டீசல் தீர்ந்தது, குடிதண்ணீர் தீர்ந்தது. மீன் பிடித்துத் தின்றார்கள். கடைசியில் யாரோ தொண்டு செய்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊர் வந்து சேர்ந்தார்கள். சம்பளம் இன்றுவரை வரவில்லை. பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டை உலுக்கிய அம்மோனியம் நைட்ரேட் எந்தக் கப்பலில் வந்தது என்று நினைவிருக்கிறதா? ‘ரோசஸ்’. 2013இல் பெய்ரூட்டில் நிறுத்தப்பட்ட அந்தக் கப்பலை முதலாளி கைவிட்டார். ரஷ்யக் கேப்டனும் மூன்று உக்ரைன்காரர்களும் இறங்க அனுமதி இல்லாமல் ஏறக்குறைய 11 மாதம் அதிலேயே கிடந்தார்கள். அது வெடித்த பிறகு உலகம் சரக்கைப் பற்றிப் பேசியது. கப்பல்காரர்கள் மட்டும் அந்த நால்வரைப் பற்றிப் பேசினோம்.

இன்றைக்குச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. கடல் தொழிலாளர் உடன்படிக்கையில், எம்.எல்.சி. என்று நாம் சொல்வதில், 2017 ஜனவரியிலிருந்து ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை என்றாலோ, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் விட்டாலோ, ஊருக்கு அனுப்பச் செலவு தரவில்லை என்றாலோ அது ‘கைவிடப்பட்ட கப்பல்’ கணக்கில் வரும். நாலு மாதம் வரையிலான சம்பளப் பாக்கிக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருக்க வேண்டும். அந்தக் காப்பீட்டுச் சான்று கப்பலில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சீஃப் எந்தக் கப்பலில் ஏறினாலும் கேபினில் பையை வைத்துவிட்டு நேராக மெஸ் வராந்தாவுக்குப் போவார். அந்தத் தாளின் முன் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பார். காப்பீட்டு கிளப் பெயர், செல்லுபடித் தேதி, அவசர எண் மூன்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். அவரைப் பார்த்து நானும் செய்கிறேன். அரை நிமிட வேலை.

நம் பக்கம் இதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு முன்பே, நம்மை அனுப்பும் ஏஜென்சிக்கு, ஆள் அனுப்ப அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கிறதா என்று மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பாருங்கள். வேலைக்காக எவனாவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கப்பல்காரனிடம் வேலைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது எம்.எல்.சி.யிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, எந்தக் கொடி என்றே தெரியாத கப்பலில் ஏறிய பையன்களை எனக்குத் தெரியும். இதைச் சொன்னால் “அண்ணே, உங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு, நீங்க பேசுவீங்க” என்பார்கள். நியாயமான கோபம்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, எஞ்சின் ரூமுக்கு வருவோம். எனக்கு மிகவும் பயன்பட்ட பாடங்கள் அங்கேதான்.

உக்ரைன் கேடட்களும் ஆயிலர்களும் சீஃப் இன்ஜினியரை ‘தேத்’ என்பார்கள், தாத்தா என்று. எங்கள் தேத் புதுக் கப்பலில் ஏறிய முதல் சில நாள் எதையும் மாற்ற மாட்டார். பழைய பாய்லர் சூட் போட்டுக்கொண்டு, டார்ச்சும் கட்டம் போட்ட நோட்டுமாக பைப் லைன் பின்னாலேயே நடப்பார். டிராயிங்கில் இருக்கிற பில்ஜ் லைனும் (அடியில் சேரும் கழிவுநீரை இறைக்கும் குழாய்) கப்பலில் இருக்கிற பில்ஜ் லைனும் ஒன்றாக இருக்காது என்பது அவர் கட்சி. கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் ஏதோ ஒரு டிரை டாக்கில் யாரோ வால்வைத் தள்ளி வைத்திருப்பான், டிராயிங்கைத் திருத்தியிருக்க மாட்டான். தான் மட்டும் போனால் பரவாயில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போவார். எஞ்சின் ரூமின் அடித்தளமான டேங்க் டாப்பில், பிளேட்டைத் தூக்கி, தலைகீழாகத் தொங்கி வால்வு நம்பர் படிக்கச் சொல்வார். அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் ஒரு ராத்திரி கடல் தண்ணீர் லைனில் ஓட்டை விழுந்தபோது, எந்த வால்வை அடைத்தால் எது நிற்கும் என்று யாரையும் கேட்காமல் கை தானாகப் போனது.

இன்னொரு சம்பவம். ஜெனரேட்டர் எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் ஜாக்கெட் வாட்டரின் வெப்பம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அலாரம் அடிக்கவில்லை, ஆனால் அடிக்கப் போகிறது. தேர்ட் இன்ஜினியர் தெர்மோஸ்டாட் மாற்றலாம் என்றான், ஸ்பேரும் எடுத்து வைத்துவிட்டான். நானும் சரி என்றுதான் இருந்தேன். தேத் ஸ்பானரைத் தொடவில்லை. லாக் புக்கைக் கேட்டார். மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கங்களைத் திருப்பி, கடல் நீர் வெப்பம் ஒரு பத்தியிலும் கடல் நீரால் குளிர்ந்து மிஷின்களுக்குப் போகும் எல்.டி. கூலிங் வாட்டரின் வெப்பம் இன்னொரு பத்தியிலுமாகத் தன் நோட்டில் எழுதினார். கடல் நீர் முன்னைவிடக் குளிர்ச்சி, ஆனால் எல்.டி. தண்ணீர் முன்னைவிடச் சூடு. “இரண்டு ஜெனரேட்டரும் சூடாகிறதா?” என்று கேட்டார். ஆமாம். “அப்படியானால் தெர்மோஸ்டாட்டை ஏன் திட்டுகிறாய்? இரண்டும் ஒரே நாளிலா கெட்டுப்போகும்?” கூலரின் உள்ளே போகும் கடல் நீர் அழுத்தத்தையும் வெளியே வரும் அழுத்தத்தையும் பார்க்கச் சொன்னார். வித்தியாசம் எகிறிக் கிடந்தது. பிளேட் கூலரைத் திறந்தால் உள்ளே நிறையச் சிப்பி. வெப்பக் கடலில் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தபோது குடியேறியவை.

தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தால் நாலு மணி நேர வேலையும் ஒரு ஸ்பேரும் வீண். அதைவிட மோசம், “மாற்றியாச்சு” என்ற நிம்மதியில் இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருப்போம். அன்றிலிருந்து நான் ஜூனியர்களிடம் சொல்வது இதுதான்: ஒரு பாகத்தைச் சந்தேகிக்கும் முன், அதே தண்ணீரையோ அதே எண்ணெயையோ குடிக்கிற பக்கத்து மிஷின் எப்படி இருக்கிறது என்று பார். அப்புறம் பழைய லாக் பார். அதற்கும் அப்புறம் டூல் எடு.

அடுத்து வருபவருக்கு எழுதி வைக்கும் ஹேண்டோவர் நோட் விஷயத்தில் தேத் கிறுக்கு என்றே சொல்லலாம். இறங்கும் நாளில் உட்கார்ந்து எழுதமாட்டார், ஏறிய வாரமே ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் ரெண்டு வரி சேர்ப்பார். கப்பலில் என்ன செய்தேன் என்று அதில் பெருமை இருக்காது. எது செய்யவில்லை, எந்த ஸ்பேர் கேட்டு வரவில்லை, எந்த வால்வு முழுசாக மூடாது, எந்த கேஜ் பொய் சொல்லும் என்று இருக்கும். ஆபீசுக்குப் போட்ட கோரிக்கை மெயில்களின் தேதிகளும் இருக்கும். அந்தத் தேதிகள் ஏன் முக்கியம் என்று போகப்போகத்தான் புரிந்தது. நாளைக்கு அந்த மிஷின் உடைந்தால், “முன்பே சொன்னோம்” என்பதற்கு அதுதான் சாட்சி. எண்ணெய்க் கழிவு விஷயத்தில் இதைவிடக் கறார். எண்ணெய்க் கழிவுக் கணக்கான ஆயில் ரெக்கார்ட் புக்கில் ஒரு வரி கூட யாருக்காகவும் மாற்றி எழுத மாட்டார். அதில் கையெழுத்துப் போட்ட சீஃப் இன்ஜினியர்கள் வெளிநாட்டுச் சிறையில் இருந்திருக்கிறார்கள், அவர்களைக் காப்பாற்ற எந்தக் கம்பெனியும் வரவில்லை என்பார்.

எல்லா உக்ரைன் அதிகாரியும் இப்படித்தான் என்று எழுதினால் அது பொய். நான் பார்த்த சிலர் தனக்குத் தெரிந்ததை ஜூனியருக்குக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். தெரிந்துகொண்டால் அடுத்த காண்ட்ராக்டில் தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்ற பயம். தொண்ணூறுகள் கொடுத்த பயம் என்று நினைக்கிறேன், மன்னிக்க முடிகிறது, ஆனால் கூட வேலை பார்க்கக் கஷ்டம். ஒரு சீஃப் ஆபீசர் வாக்கி-டாக்கியில் பேசியதைவிடக் கத்தியது அதிகம். ஓய்வு நேரக் கணக்கில் பொய் எழுதுவதில் நம்மவர்களும் அவர்களும் அண்ணன் தம்பிதான். 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்பது விதி. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அது தாளில் மட்டும் இருக்கும்.

ஆனால் ஒன்றில் அவர்களிடம் கற்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்பார்கள், முடியாததை முடியாது என்பார்கள், முகத்துக்கு நேராக. நாம் “யெஸ் சார்” சொல்லிவிட்டு வெளியே வந்து மேனுவல் தேடுவோம். அவருக்குக் கீழே நான் செகண்ட் இன்ஜினியராக இருந்த ஆரம்பத்தில், தேத் ஒரு வேலை சொல்ல நான் தலையாட்டியதும், “செகண்ட், புரிந்ததா, மரியாதைக்கு ஆட்டினாயா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரிடம் தலையாட்டுவதை நிறுத்தி, சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். ஜூனியர்கள் என்னிடம் அப்படிச் செய்யும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த 2022 பிப்ரவரி 24 அன்று நாங்கள் அட்லாண்டிக்கில், சோயா ஏற்ற பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கேப்டன் மும்பைக்காரர். சீஃப் இன்ஜினியர் ஒடேசா, தேர்ட் ஆபீசர் கெர்சோன் பையன், செகண்ட் ஆபீசர் ரஷ்யாவின் நொவொரொஸ்ஸிய்ஸ்க். பிரிட்ஜ் வாட்ச், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் முறைவைத்துப் பார்க்கும் வேலை, தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். எட்டிலிருந்து பன்னிரண்டு தேர்ட் ஆபீசர், பன்னிரண்டிலிருந்து நாலு செகண்ட் ஆபீசர். தினமும் நடுப்பகலிலும் நடுராத்திரியிலும் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று, கோர்ஸ், வேகம், எதிரே வரும் கப்பல் எல்லாம் சொல்லி வாட்சை ஒப்படைக்க வேண்டும். முந்தின நாள் வரை அவர்கள் ஒரே மொழியில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தவர்கள்.

கேப்டன் செய்ததை நான் இன்றும் மெச்சுகிறேன். முதல் சில இரவுகள் பன்னிரண்டு மணிக்கு அவரே பிரிட்ஜுக்கு வந்து காபி குடிப்பதுபோல் நின்றார். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, இறங்க வேண்டுமா என்று கேட்டார். வாட்ச் ஒப்படைப்பு ஆங்கிலத்தில் மட்டும், செக்லிஸ்ட்டில் உள்ளது மட்டும் என்றார். உக்ரைன்காரர்களுக்கு இன்டர்நெட் கணக்கு பார்க்காமல் கொடுத்தார். மெஸ்ஸில் அரசியல் வேண்டாம் என்றார். கடைசியாகச் சொன்னது முக்கியமாக நம் ஆட்களுக்கு. ரஷ்யா நம் பழைய நண்பன் என்று சோற்றுத் தட்டின் முன் உலக அரசியல் பேச ஆரம்பித்திருந்தார்கள், எதிர் மேஜையில் கெர்சோன் பையன் உட்கார்ந்திருக்கும்போது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டி “இது உன் ஊரா பார்” என்று கேட்டவனும் உண்டு.

கலப்பு ஆட்களோடு வேலை செய்பவர்களுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்வேன். ஒருவன் ஊரில் இப்படி நடக்கும்போது “வீட்டில் எப்படி?” என்று ஆளுக்கு ஆள் கேட்காதீர்கள். பத்து பேருக்குப் பத்துத் தடவை அவன் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய வேலையில் ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். டெக் ஆட்களின் தலைவரான போசன், கெர்சோன் பையனுடைய தீயணைப்புக் கருவிச் சோதனைகளைத் தானே முடித்து லிஸ்ட்டைக் கொடுத்தார், எதுவும் பேசாமல். அதைத்தான் அந்தப் பையன் பின்னாலும் நினைவு வைத்திருந்தான்.

மார்ச் தொடக்கத்திலேயே கெர்சோன் ரஷ்யப் படையின் கையில் போய்விட்டது. நவம்பர் 11 அன்று திரும்பக் கிடைக்கும் வரை அவன் பெற்றோர் உள்ளேதான் இருந்தார்கள். அவன் படித்த அகாடமி ஒடேசாவுக்கு இடம்பெயர்ந்தது. 2023 ஜூன் 6 அன்று கக்கோவ்கா அணை உடைந்தபோது ஊரின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. இதெல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் வராதது அவன் தொழில் என்ன ஆனது என்பது. அப்போதைய போர்ச் சட்டப்படி 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்தது. கப்பல்காரர்களுக்குத் தனி அனுமதி வழி உண்டு என்றாலும் அதன் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. உள்ளே போனால் திரும்பி வரமுடியுமா என்று உறுதி கிடையாது. அதனால் காண்ட்ராக்ட் முடிந்ததும் ருமேனியாவில் வாடகை அறையில் தங்கி, அங்கிருந்தே அடுத்த கப்பல் ஏறினான்.

செகண்ட் ஆபீசர் ஆக அதே சர்ட்டிஃபிகேட் போதும், ஆகிவிட்டான். சீஃப் மேட், அதாவது சீஃப் ஆபீசர் ஆக மேல்நிலைத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஊருக்குப் போக வேண்டும். கடல் அனுபவம் போதுமான அளவு சேர்ந்தும் அந்த இடத்திலேயே நிற்கிறான். 2024இல் படைக்கு எடுக்கும் குறைந்தபட்ச வயதை 27லிருந்து 25ஆகக் குறைத்தார்கள். அதே ஏப்ரலில், வெளிநாட்டில் இருக்கும் 18 முதல் 60 வயது ஆண்களுக்குத் தூதரகச் சேவைகளை நிறுத்தி, ராணுவப் பதிவைச் சரிசெய்தால்தான் பாஸ்போர்ட் என்றார்கள். போருக்குப் பயந்து ஓடியவன் என்று ஊரில் ஒரு சித்தப்பா பேசுவதில்லையாம். அவன் அனுப்பும் பணத்தில்தான் அந்தக் குடும்பத்தின் பாதி நடக்கிறது. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

அவன் நிலையைப் பார்த்த பிறகு நான் செய்துகொண்ட மாற்றம் மிகச் சாதாரணமானது. காலாவதியாக ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே பாஸ்போர்ட்டும் கப்பல்காரனின் அடையாளப் புத்தகமான சி.டி.சி.யும் புதுப்பித்துவிடுகிறேன். அடுத்த நிலைத் தேர்வுக்குக் கடல் அனுபவம் சேர்ந்ததும், அடுத்த காண்ட்ராக்ட் சம்பளத்தைப் பார்க்காமல் எழுதிவிடுங்கள் என்று ஜூனியர்களிடம் சொல்கிறேன். கோவிட் காலத்தில் நாலு லட்சம் பேர் கப்பலில் மாட்டிக்கொண்டபோதும் இதே கதைதான். தேர்வைத் தள்ளிப்போட்டவர்களுக்கு வருடக்கணக்கில் தள்ளிப்போனது.

தேத் கதை வேறு. 2023இல் அவருக்கு 60 முடிந்தது. அறுபது ஆனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. தடை அவரைக் கட்டாது, ஊருக்குப் போய் வரலாம். அந்த வருடம் ஜூலை 17 அன்று ஐ.நா.வும் துருக்கியும் ஏற்படுத்திய தானிய ஒப்பந்தம் முடிந்துபோனது. ஆகஸ்டில் உக்ரைன் தானே கடற்கரையை ஒட்டி ஒரு பாதையைத் திறந்தது. சில மாதங்களில் கப்பல்கள் மறுபடி ஒடேசாவுக்கும் சொர்னொமொர்ஸ்க்குக்கும் போகத் தொடங்கின. தேத் அந்தப் பாதையில் போகும் பல்க் கேரியரில், அதாவது தானியம் போன்ற மொத்தச் சரக்குக் கப்பலில் ஏறினார். வீட்டுக்காரம்மா திட்டினாராம். “என் வீட்டு பால்கனியில் இருந்தால் மட்டும் ஏவுகணை வராதா?” என்று கேட்டேன் என்றார்.

அவர் போனது அவர் முடிவு. நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது, மறுக்கவும் உரிமை உண்டு என்பது. ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் சார்ந்த கூட்டு ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர் நடக்கும் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குப் போக மறுக்கலாம், கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம். போனால் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸும், உயிரிழப்பு, ஊனம் ஆகியவற்றுக்கு இரட்டிப்பு இழப்பீடும் உண்டு. உங்கள் காண்ட்ராக்டில் அந்த ஒப்பந்தம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள். செங்கடலில் 2023 நவம்பரில் ஹவுதிகளால் பிடிக்கப்பட்ட ‘கேலக்ஸி லீடர்’ கப்பல் ஆட்களை, அதில் உக்ரைன்காரர்களும் உண்டு, 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். சம்மதத்தை எழுத்தில் கொடுங்கள், மறுப்பையும் எழுத்தில் கொடுங்கள். “கேப்டன்கிட்ட வாயால சொன்னேன்” என்பது பின்னால் நிற்காது.

பணம் பற்றி நீட்ட வேண்டாம். நாலு மாதம் கடல், நாலு மாதம் வீடு என்ற கணக்கில், வீட்டு மாதத்துக்குச் சம்பளம் இல்லை. அடுத்த கப்பல் தாமதமாகும் என்று வைத்தே உக்ரைன் சீனியர்கள் செலவு செய்கிறார்கள். நம்மில் பலர் இறங்கிய வாரமே கார் புக் செய்துவிட்டு, இ.எம்.ஐ.க்காகக் கிடைத்த கப்பலில் ஏறுகிறோம். அவசரத்தில் ஏறுகிற கப்பல் நல்ல கப்பலாக அமைவது அபூர்வம்.

முதல் தடவையாக உக்ரைன் சீனியர்கள் உள்ள கப்பலில் ஏறப்போகிறவர்களுக்கு, சில்லறை விஷயங்கள். வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்டால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், பதவிப் பெயரே போதும். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் நின்று கை குலுக்க நீட்டாதீர்கள், உள்ளே வந்த பிறகுதான் கொடுப்பார்கள். சிரிக்கவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமில்லை. சாப்பாட்டில் போர்ஷ் சூப் நம் நாக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், பீட்ரூட் ரசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சலோ என்று உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பைத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். ஊறுகாய் பாட்டிலை மட்டும் மெஸ் மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் தேத் மாவடு ஊறுகாயை ரொட்டியில் தடவித் தின்றே ஒரு பாட்டிலைக் காலி செய்தார்.